டெர்மினலில் சி புரோகிராம்: கம்பைல் செய்வது வேறு, ஓட்டுவது வேறு

நெல்லைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கின் கம்ப்யூட்டர் லேபில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு சி சொல்லிக்கொடுப்பது என் வேலை. போர்டில் எழுதிப்போட்டுப் பார்த்து அடிக்கச் சொல்வது எனக்கு ஒத்துவராது. ஒவ்வொரு வரியையும் வாயால் சொல்வேன், அவர்கள் தட்டுவார்கள். ஃப்ளவர் பிராக்கெட், செமிகோலன் என்று காதில் விழுவது விரலுக்குப் போனால்தான் மனதில் தங்கும். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். தனி வரியில் வரும் கட்டளைகளை வாய்விட்டுப் படித்து, ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். எல்லாமே சிற்றெழுத்து; பெரிய எழுத்து வரும் இடத்தில் சொல்லிவிடுவேன். குறிகளும் எண்களும் இடைவெளிகளும் பார்த்தபடியே. டபுள் கோட்ஸுக்குள் இருக்கும் தமிழ் மட்டும் தமிழாகவே இருக்கட்டும். அங்கேயும் சதவீதக் குறியோடு வரும் டி, எஃப், பேக்ஸ்லாஷோடு வரும் என் ஆகியவை ஆங்கிலம்தான்.

டெர்மினலில், அதாவது கட்டளைகளை எழுத்தாகத் தட்டும் திரையில், ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்பார்கள். நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் டர்போ சி என்ற பழைய கம்பைலரின் நீலத் திரையில்தான் சி அறிமுகமாகிறது. அங்கே கன்ட்ரோலும் எஃப்9-உம் சேர்த்து அழுத்தினால் கம்பைலும் ஆகும் (நாம் எழுதியது கணினி ஓட்டக்கூடிய ஃபைலாக மாறுவதுதான் கம்பைல்), ஓடவும் செய்யும். இரண்டும் ஒரே வேலை என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். அப்புறம் ஒரு பிழை வந்தால் அது எந்தக் கட்டத்தில் வந்தது என்றே பிடிபடாது. டெர்மினலில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளை. பிழை எங்கே பிறந்தது என்பதைத் திரையே சொல்லிவிடும். கம்பைலர் தருகிற வார்னிங்கை முதல் நாளிலிருந்தே படிக்கப் பழக வேண்டும் என்பது என் பிடிவாதம். ஓடிவிட்டது, அதனால் சரி என்று யாராவது சொன்னால் நான் விடுவதில்லை.

முதலில் கம்பைலர் வேண்டும். நாம் பயன்படுத்தப்போவது ஜிசிசி. ரிச்சர்ட் ஸ்டால்மேன் தொடங்கிய க்னூ திட்டத்தில் 1987-இல் முதலில் வெளியானது, இன்று வரை இலவசம். உபுண்டுவிலோ டெபியனிலோ, டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸிலோ டெர்மினலைத் திறந்து இந்த இரண்டு வரிகள்:

சூடோ ஏபிடி அப்டேட்
சூடோ ஏபிடி இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்

சூடோ என்பது எஸ், யு, டி, ஓ. பாஸ்வேர்டு கேட்கும். நீங்கள் தட்டும்போது திரையில் ஒரு நட்சத்திரக் குறிகூட வராமல் போகலாம். கீபோர்டு வேலை செய்யவில்லை என்று பதறாமல் முழுவதையும் தட்டி என்டர் அழுத்துங்கள்.

விண்டோஸ் 10-இன் புதிய பதிப்புகளும் விண்டோஸ் 11-உம் வைத்திருப்பவர்கள் பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'டபிள்யூஎஸ்எல் --இன்ஸ்டால்' என்று கொடுத்து, மெஷினை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் உபுண்டுவே உள்ளே வந்துவிடும். பிறகு மேலே சொன்ன அதே இரண்டு வரிகள். மேக்கில் 'எக்ஸ்கோட்-செலக்ட் --இன்ஸ்டால்'. அங்கே ஜிசிசி என்று கூப்பிட்டாலும் உண்மையில் ஓடி வருவது க்ளாங் என்ற வேறு கம்பைலர். பிழைச் செய்திகளும் அவை காட்டும் வரி எண்ணும் நான் சொல்வதிலிருந்து மாறலாம்; மற்றபடி இந்தப் பாடத்துக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

லேப்டாப் இல்லாத பிள்ளைகள் ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் ஆப் போட்டு, 'பிகேஜி இன்ஸ்டால் க்ளாங்' என்று கொடுத்தாலே போதும். ஜிசிசி என்று நான் சொல்லும் இடத்தில் க்ளாங் என்று தட்டுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஃபைலை டெர்மக்ஸின் ஹோம் ஃபோல்டரிலேயே வையுங்கள். போனின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வைத்தால் கம்பைல் ஆகும், ஓடாது. பெர்மிஷன் டினைட் என்று நிற்கும். லேபுக்கு பென் டிரைவோடு வருபவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். பென் டிரைவில் இருந்தபடி ஓட்டாமல், ஹோம் ஃபோல்டருக்கு நகலெடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

சரி, ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதற்குள் போவோம்.

எம்கேடிஐஆர் சிலேப்
சிடி சிலேப்
நேனோ மார்க்.சி

மார்க் என்பது எம், ஏ, ஆர், கே. கடைசியில் இருக்கும் சி கட்டாயம் சிற்றெழுத்தாக இருக்க வேண்டும். டர்போ சி-யிலிருந்து கொண்டுவரும் ஃபைல்களின் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும். புள்ளிக்குப் பிறகு பெரிய சி இருந்தால் ஜிசிசி அதை சி++ ஃபைல் என்று எடுத்துக்கொள்ளும். ஒழுங்காக இருக்கும் சி புரோகிராமில் சம்பந்தமில்லாத பிழைகள் வர இது ஒன்றே போதும். பெயரில் இடைவெளியும் வேண்டாம்.

நேனோ என்ற எடிட்டர் திறந்ததும் இதை அடியுங்கள். இரண்டாவது வரி வெற்று வரி, அதையும் விட்டுவிடாதீர்கள். வரி எண்ணை வைத்துப் பின்னால் பேசப்போகிறோம்.

#இன்க்ளூட் <எஸ்டிடிஐஓ.எச்>

இன்ட் மெயின்(வாய்ட்)
{
    இன்ட் எம்1, எம்2, எம்3;
    பிரின்ட்எஃப்("மூன்று மதிப்பெண்கள்: ");
    ஸ்கேன்எஃப்("%டி %டி %டி", &எம்1, &எம்2, &எம்3);
    பிரின்ட்எஃப்("சராசரி: %.2எஃப்\என்", (எம்1 + எம்2 + எம்3) / 3.0);
    ரிட்டர்ன் 0;
}

கன்ட்ரோல் ஓ, என்டர், கன்ட்ரோல் எக்ஸ். சேமித்து வெளியே வந்தாயிற்று.

இப்போது கம்பைல்:

ஜிசிசி -டபிள்யூஆல் -டபிள்யூஎக்ஸ்ட்ரா மார்க்.சி -ஓ மார்க்

டபிள்யூ இரண்டும் பெரிய எழுத்து. ஓ சிற்றெழுத்து; பெரிய ஓ போட்டால் அது புரோகிராமை வேகப்படுத்தும் வேறு ஆப்ஷன். சின்ன ஓவுக்குப் பின்னால் வருவது, கம்பைலர் உருவாக்கப்போகும் ஃபைலுக்கு நாம் வைக்கும் பெயர். அதை விட்டுவிட்டால் ஏ.அவுட் என்ற பெயரில் ஒரு ஃபைல் விழும். அசெம்ப்ளர் அவுட்புட் என்பதன் சுருக்கம் அது. பெல் லேப்ஸில் யூனிக்ஸ் பிறந்த காலத்துப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டபிள்யூஆல் என்பதுதான் நான் பிடிவாதம் பிடிக்கிற இடம். அது இல்லாமல் ஜிசிசி பல சந்தேகங்களைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். பெயரில் ஆல் இருந்தாலும் எல்லா வார்னிங்கும் அதில் அடங்காது, அதனால்தான் எக்ஸ்ட்ராவும் சேர்க்கிறோம்.

என்டர் அழுத்தியதும் ஒன்றுமே சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்தால் கம்பைல் ஆகிவிட்டது. வெற்றி என்றெல்லாம் அது சொல்லாது. 'எல்எஸ்' என்று தட்டிப் பாருங்கள். மார்க்.சி பக்கத்தில் மார்க் என்று இன்னொரு ஃபைல் இருக்கும். இதுவரை உங்கள் புரோகிராம் ஒரு வரிகூட ஓடவில்லை. ஓட்டுவதற்கு:

./மார்க்

புள்ளி, ஸ்லாஷ், பெயர். மூன்று எண்கள் கேட்கும். 71 64 80 என்று இடைவெளி விட்டுத் தட்டினால் சராசரி 71.67 என்று வரும்.

அந்தப் புள்ளியும் ஸ்லாஷும் எதற்கு? வெறுமனே மார்க் என்று தட்டினால் ஷெல் (நாம் தட்டும் கட்டளையை வாங்கிச் செய்யும் புரோகிராம்), பாத் என்ற பட்டியலில் உள்ள ஃபோல்டர்களில் மட்டும் தேடும். நீங்கள் நிற்கும் ஃபோல்டர் அந்தப் பட்டியலில் இருக்காது. பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார்கள். யாரோ ஒருவர் ஒரு ஃபோல்டரில் எல்எஸ் என்ற பெயரில் விஷமமான புரோகிராமைப் போட்டு வைத்திருந்தால், நீங்கள் அங்கே போய் எல்எஸ் தட்டியதும் அது ஓடிவிடக் கூடாது இல்லையா? புள்ளி என்றால் 'இந்த ஃபோல்டர்'. இங்கே இருக்கிற மார்க்கைத்தான் ஓட்டச் சொல்கிறேன் என்று நீங்கள் வாய்திறந்து சொல்கிறீர்கள்.

இதோடு சேர்ந்த ஒரு பொறி: புரோகிராமுக்கு டெஸ்ட் என்று பெயர் வைப்பது. பிள்ளைகள் வைக்கும் முதல் பெயரே அதுதான். புள்ளி ஸ்லாஷ் மறந்து டெஸ்ட் என்று தட்டினால் கமாண்ட் நாட் ஃபவுண்ட் என்றுகூட வராது. ஷெல்லுக்கு உள்ளேயே டெஸ்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அது ஓடிவிட்டு ஒன்றும் காட்டாமல் போய்விடும். நம் புரோகிராம் ஓடியும் எதையும் அச்சிடவில்லையே என்று எழுதிய வரிகளைத் துருவிக்கொண்டு இருப்பார்கள். வேறு பெயர் வையுங்கள்.

இனி வேண்டுமென்றே கெடுப்போம். பிழைச் செய்தியைப் படிப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. ஐந்தாவது வரியின் கடைசியில், எம்3-க்குப் பிறகு இருக்கும் செமிகோலனை எடுத்துவிட்டுக் கம்பைல் செய்யுங்கள்.

ஜிசிசி தரும் ஒவ்வொரு செய்தியிலும் முதலில் ஃபைல் பெயர், பிறகு வரி எண், பிறகு அந்த வரியில் எத்தனையாவது இடம், அதன்பின் எரரா வார்னிங்கா என்று இருக்கும். இப்போது வரி எண் 6 என்று வரும், 5 அல்ல. ஆறாவது வரியில் பிரின்ட்எஃப்-க்கு முன்னால் ஒரு கமாவோ செமிகோலனோ எதிர்பார்த்தேன் என்று சொல்லும். அதன் கோணத்தில் அது சரிதான். புது வரி என்பது சி-க்கு வெறும் இடைவெளி. எம்3 முடிந்து அடுத்த சொல்லைப் பார்க்கும்போதுதான் அதற்குச் சிக்கலே தெரிகிறது. அதனால் அது காட்டும் வரியில் குற்றம் கண்ணுக்குப் படவில்லை என்றால் அதற்கு மேல் வரியைப் பாருங்கள்.

அதோடு நிற்காது. எம்3 அறிவிக்கப்படவில்லை என்று இன்னொரு எரரும் சேர்ந்து வரும். இதோ ஐந்தாவது வரியில் இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றும். செமிகோலன் இல்லாததால் அந்த அறிவிப்பு முடியவே இல்லை. முடியாத அறிவிப்பை ஜிசிசி கணக்கில் எடுக்கவில்லை. செமிகோலனைப் போட்டால் இரண்டு எரரும் சேர்ந்தே போய்விடும். முப்பது எரர் வந்தாலும் வழி இதுதான்: டெர்மினலில் மேலே நகர்த்திப் போய் முதல் எரரை மட்டும் சரிசெய்யுங்கள், சேமியுங்கள், மறுபடி கம்பைல் செய்யுங்கள். கடைசி எரரிலிருந்து தொடங்குபவர்கள் இல்லாத பிழையைத் திருத்தி, சரியாக இருக்கும் வரிகளையும் கெடுத்துவிடுவார்கள்.

அடுத்து, செமிகோலனைத் திரும்பப் போட்டுவிட்டு, ஏழாவது வரியில் எம்1-க்கு முன்னால் இருக்கும் & குறியை எடுங்கள். எம்1 என்ற இன்ட் (முழு எண்) நினைவகத்தில் இருக்கும் முகவரியைத் தருவது அந்தக் குறிதான். இப்போது எரர் வராது, வார்னிங் வரும். இன்ட்டின் முகவரி எதிர்பார்த்தேன், நீ இன்ட்டையே கொடுத்திருக்கிறாய் என்று சொல்லும். மார்க் ஃபைல் உண்டாகிவிடும். ஓட்டி எண்களைக் கொடுத்தால் பெரும்பாலும் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று விழும். எம்1-க்குள் இருக்கும் ஏதோ ஒரு குப்பை எண்ணை முகவரி என்று நம்பி, ஸ்கேன்எஃப் அந்த இடத்தில் எழுதப் போகிறது. உனக்கு உரிமையில்லாத இடம் என்று ஆபரேட்டிங் சிஸ்டம் புரோகிராமை நிறுத்திவிடுகிறது. கம்பைலர் முன்கூட்டியே எச்சரித்ததுதான் நடந்தது.

இதைவிட மோசமானது, விழாமல் தப்பான விடை தருவது. எட்டாவது வரியில் 3.0 என்பதை 3 என்று மாற்றிப் பாருங்கள். வகுத்த விடை இப்போது முழு எண். அச்சிடச் சொல்வதோ தசம எண்ணை. புரோகிராம் அமைதியாக ஓடி, 71.67 இருக்க வேண்டிய இடத்தில் சம்பந்தமே இல்லாத ஒன்றைக் காட்டும். டபிள்யூஆல் போட்டிருந்தால் எத்தனையாவது வரி, எந்த ஆர்க்யூமென்ட் என்று விரல் வைத்துச் சொல்லியிருக்கும். மதிப்பெண் கணக்கில் இப்படி ஒரு தப்பு நுழைந்தால் அது யாரோ ஒரு பிள்ளையின் தலையில்தான் விடியும். வார்னிங் ஒன்றுகூட இல்லாத நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் என் லேபில் ஓட்ட வேண்டும்.

திருத்தினேன், ஆனால் பழைய மாதிரியேதான் ஓடுகிறது என்று ஒரு புகார் அடிக்கடி வரும். இரண்டு காரணங்கள். எடிட்டரில் சேமித்திருக்க மாட்டார்கள். அல்லது, கம்பைலில் எரர் வந்திருக்கும், அதைப் பார்க்காமல் புள்ளி ஸ்லாஷ் தட்டியிருப்பார்கள். எரர் வந்தால் ஜிசிசி புது ஃபைலை உண்டாக்காது. போனமுறை உண்டாக்கிய மார்க் அப்படியே கிடக்கும், அதுதான் ஓடும். இதற்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு:

ஜிசிசி -டபிள்யூஆல் -டபிள்யூஎக்ஸ்ட்ரா மார்க்.சி -ஓ மார்க் && ./மார்க்

இரட்டை ஆம்பர்சண்ட் என்றால், முதல் கட்டளை வெற்றியாக முடிந்தால் மட்டும் அடுத்தது. இவ்வளவையும் ஒவ்வொரு தடவையும் தட்ட வேண்டாம், மேல் அம்புக்குறியை அழுத்தினால் போன கட்டளை திரும்ப வரும். ஃபைல் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டி டேப் அழுத்தினால் மீதியை ஷெல் நிரப்பும்.

வெற்றி தோல்வி ஷெல்லுக்கு எப்படித் தெரிகிறது? மெயினின் கடைசியில் ரிட்டர்ன் 0 என்று எழுதினோமே, அதுதான். ஓட்டி முடித்த கையோடு 'எக்கோ $?' என்று கொடுத்தால் 0 என்று காட்டும். 0 என்றால் நல்லபடியாக முடிந்தது, வேறு எண் என்றால் ஏதோ கோளாறு. வாய்ட் மெயின் என்று எழுதாதீர்கள் என்று நான் சொல்வதற்கும் இதுதான் காரணம். ஓடும் புரோகிராம் நிற்காமல் சுற்றினால் கன்ட்ரோல் சி. கன்ட்ரோல் இசட் அதை நிறுத்தாது, பின்னால் தூங்க வைக்கும். அழுத்திவிட்டால் 'எஃப்ஜி' என்று தட்டி முன்னால் கொண்டுவந்து கன்ட்ரோல் சி அழுத்துங்கள்.

டர்போ சி நோட்டிலிருந்து அப்படியே அடிப்பவர்களுக்கு முதல் வரியிலேயே முட்டும்: கோனியோ.எச் என்று ஒரு ஃபைல் இல்லை என்று ஜிசிசி சொல்லும். அது டாஸ் காலத்து ஹெட்டர், சி மொழியின் தரத்தில் அது கிடையாது. அந்த இன்க்ளூடையும், அதை நம்பி வரும் கிளியர்ஸ்கிரீன், கெட்ச் வரிகளையும் எடுத்துவிடுங்கள். விடை மறைந்துவிடாமல் இருக்கத்தான் அங்கே கெட்ச் போட்டார்கள். டெர்மினலில் விடை எங்கும் போகாது. டர்போ சி-யில் இன்ட் 16 பிட், 32767-க்கு மேல் தாங்காது. நம் கணினிகளில் ஜிசிசி தரும் இன்ட் 32 பிட். பழைய நோட்டில் லாங் என்று எழுதிய இடங்களுக்கான காரணம் இதுதான்.

எஸ்டிடிஐஓ இன்க்ளூடை மறந்தால் என்ன ஆகும் என்பது பதிப்பைப் பொறுத்தது. ஜிசிசி 13 வரை அது வார்னிங்தான். 2024-இல் வந்த ஜிசிசி 14 அதையே எரர் ஆக்கிவிட்டது. நண்பனின் மெஷினில் ஓடியது என் மெஷினில் ஓடவில்லை என்றால் 'ஜிசிசி --வெர்ஷன்' கொடுத்து இரண்டு பக்கமும் பாருங்கள்.

இன்னொரு வகை எரர் உண்டு. அதில் அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் என்று வரும், கடைசியில் எல்டி 1 என்று திரும்பியதாக முடியும். இது கம்பைலின் பிழை அல்ல, கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் அடுத்த கட்டமான லிங்க்கின் பிழை. உங்கள் கோடில் இலக்கணப் பிழை இல்லை; நீங்கள் கூப்பிட்ட ஃபங்ஷன் எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. மெயின் என்பதில் ஏ-யும் ஐ-யும் இடம் மாறியிருந்தால் இது வரும். வர்க்கமூலத்துக்கு எஸ்க்யூஆர்டி பயன்படுத்தினால், மேத்.எச் இன்க்ளூட் செய்த பிறகும் இது வரும். ஹெட்டரில் இருப்பது அப்படி ஒரு ஃபங்ஷன் உண்டு என்ற தகவல் மட்டும்தான், அதன் உடல் கணித லைப்ரரியில் இருக்கிறது. லினக்ஸில் கட்டளையின் கடைசியில் '-எல்எம்' சேர்க்க வேண்டும். கடைசியில் என்பது முக்கியம். ஃபைல் பெயருக்கு முன்னால் போட்டால் லிங்க்கர் அதை எடுக்காமல் போகலாம்.

திரையில் தமிழ் வரும்போது கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால் உங்கள் புரோகிராமைச் சந்தேகப்படாதீர்கள், டெர்மினல் எழுத்தை வரையும் விதம் அப்படி. உள்ளே இருக்கும் எழுத்துகள் சரியாகவே இருக்கும். வெளியீட்டை '> விடை.டிஎக்ஸ்டி' என்று ஒரு ஃபைலுக்கு அனுப்பி, சாதாரண எடிட்டரில் திறந்தால் ஒழுங்காகத் தெரியும். லினக்ஸில் ஃபைல் பெயரையே தமிழில் வைக்கலாம், அதில் தடை இல்லை.

தமிழோடு இன்னொன்றையும் செய்து பாருங்கள். ஸ்ட்ரிங்.எச் இன்க்ளூட் செய்து, ஸ்ட்ரெலென் (எஸ், டி, ஆர், எல், இ, என்) ஃபங்ஷனுக்கு "வணக்கம்" என்று கொடுத்து, '%இசட்யு' வைத்து விடையை அச்சிடுங்கள். நாம் எண்ணினால் ஐந்து எழுத்து. அது 21 என்று சொல்லும். ஸ்ட்ரெலென் எண்ணுவது பைட்டுகளை. எழுத்துகளை பைட்டுகளாக வைக்கும் முறையான யுடிஎஃப்-8-இல் க் என்பது ககரமும் புள்ளியுமாக இரண்டு குறியீடுகள். அப்படி வணக்கத்தில் மொத்தம் ஏழு, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஒரு குறியீட்டின் முதல் பைட் அல்லாத மற்ற பைட்டுகள் எல்லாம் இரும எண்ணில் 10 என்று தொடங்கும். அவற்றை விட்டுவிட்டு எண்ணினால் 7 வரும். அதிலிருந்து புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் கழித்தால் 5. முதல் கட்டம் ஒரு ஃபார் லூப்பும் ஒரு இஃப்பும்தான். எழுதி, வார்னிங் இல்லாமல் கம்பைல் செய்து, மன்னார்குடி, ஔவையார் என்று உங்களுக்குப் பிடித்த பெயர்களைக் கொடுத்து ஓட்டுங்கள்.